கொழும்புக்குப் போனவளும் அதே குடிதான்

2003 ஆம் ஆண்டு இரண்டாம் தவணைப் பரீட்சை. உயர்தர வகுப்பு உயிரியல் விடைத்தாள்களைக் மட்டக்களப்புக் கல்லடி வீட்டு விறாந்தையில் வைத்துத் திருத்திக்கொண்டிருந்தேன். அதில் ஒரு சின்னக் கேள்வி: மனிதன், சிம்பன்சி, கொரில்லா, ஒராங் உட்டான் ஆகிய நான்கையும் குடும்பங்களாகப் பாகுபடுத்துக. நான் படித்த காலத்திலிருந்து எனக்கு மனப்பாடமான விடை ஒன்று உண்டு. மனிதன் ஹொமினிடே குடும்பம், மற்ற மூன்றும் பொங்கிடே குடும்பம். ஒரு மாணவி மட்டும் நான்கையும் ஹொமினிடேக்குள் போட்டிருந்தாள். அதற்குக் கீழே ஒரு வரியும் எழுதியிருந்தாள்: "சிம்பன்சிக்குக் கொரில்லாவை விட மனிதனே கிட்டிய உறவு." சிவப்புப் பேனாவால் குறுக்கே பெரிய பிழை ஒன்று போட்டேன்.

அடுத்த நாள் விடைத்தாளோடு ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். "சேர், நான் எழுதினது சரியெண்டுதான் ஒரு புத்தகத்தில பாத்தன்." கனடாவிலிருந்து மாமா அனுப்பிய ஆங்கிலப் புத்தகமாம். கொண்டு வந்து காட்டவா என்று கேட்டாள். "சோதினைக்கு எங்கட நோட்ஸில இருக்கிறதை எழுது பிள்ளை" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனாள். அந்தப் புத்தகம் என் மேசைக்கு வரவேயில்லை. அவளை அடக்கவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அது போர்நிறுத்தக் காலம். பாதைகள் திறந்து, பிள்ளைகள் கொஞ்சம் நிம்மதியாகப் படிக்கத் தொடங்கியிருந்த வருடங்கள். ஒரு புள்ளி குறைந்தாலும் பல்கலைக்கழக அனுமதி கைவிட்டுப் போய்விடும் என்ற பயம் எல்லா ஆசிரியர்களுக்கும் இருந்தது. அவளைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்துக்கொண்டேன். ஆனால் அவள் எழுதியது சரி, நான் போட்டது பிழை. அந்தப் பிழை எங்கிருந்து வந்தது என்று விளங்க எனக்கு மூன்று வருடம் பிடித்தது. அதை விளங்கவைத்தவர், ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட என் அம்மா.

அதைச் சொல்வதற்கு முன், நாங்கள் படித்த பாடத்தைக் கொஞ்சம் சொல்லவேண்டும். தமிழ்நாட்டில் பரிணாமம் என்பதை நாங்கள் இங்கே கூர்ப்பு என்போம். "கூர்ப்பும் கழிவும் உள்ளது சிறக்கும்" என்று தொல்காப்பியத்தில் ஒரு வரி இருக்கிறது. உள்ளது சிறத்தல்தான் கூர்ப்பு. அழகான சொல், எனக்குப் பிடித்த சொல்லும்கூட. ஆனால் இருபது வருடம் கற்பித்த பிறகு அந்தச் சொல்லின் கூர்முனை எனக்கு உறுத்தத் தொடங்கியது. கூர்ப்பு என்று கேட்டதுமே பிள்ளைகளின் மனதில் ஒரு பென்சில் சீவப்படுகிறது. முனையில் மனிதன், அடியில் மற்றதெல்லாம். அதே தொல்காப்பியம் ஓரறிவுயிரிலிருந்து ஆறறிவுயிர் வரை உயிர்களை அடுக்குகிறது. மேல்படியில் மக்கள். அறிவின் அளவைக் கொண்டு வைத்த அடுக்கு அது. யார் யாருக்குப் பிறந்தார் என்று அது கேட்கவில்லை, கேட்கவேண்டிய தேவையும் அதற்கு இருக்கவில்லை. எங்கள் பாகுபாட்டுப் பாடம், உயிர்களை வகைப்படுத்தும் பாடம், வேறு கேள்வியைக் கேட்கவேண்டியது. ஆனால் நாங்கள் அதையும் படிக்கட்டாகவே படித்தோம், படிக்கட்டாகவே படிப்பித்தோம். பெரிய கூட்டத்திலிருந்து சிறிய கூட்டம் வரை அதில் வரும் சொற்களைப் பாருங்கள்: கணம், வகுப்பு, வருணம், குடும்பம், சாதி, இனம். வருணம் என்று எழுதி அதற்குக் கீழே சாதி என்று எழுதும்போது பின்வாங்கில் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்கும். நானும் சிரித்துக் கடந்துவிடுவேன். மேல் கீழ் என்ற நினைப்பு ஏற்கெனவே ஏறியிருக்கும் சொற்களை எடுத்து உயிர்களுக்கு வைத்தால், உயிர்களும் மேல் கீழாகத்தான் தெரியும்.

வேலி போட்டவர்கள்

மனிதனையும் குரங்குகளையும் ஒரே கூட்டத்தில் வைத்தது டார்வினுக்குப் பிந்திய வேலை என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அது பிழை. சுவீடன் நாட்டு இயற்கை அறிஞர் லின்னேயஸ் 1735 இலேயே அப்படித்தான் வைத்தார். 1758 இல் அந்த வருணத்துக்குப் பிரைமேற்றுகள் என்று பெயரிட்டார். ஹோமோ சேப்பியன்ஸ் என்ற பெயரும் அதே பதிப்பில்தான் வந்தது. உயிர்களெல்லாம் கடவுள் படைத்தபடியே இருக்கின்றன என்று நம்பிய மனிதர் அவர். ஆனாலும் 1747 இல் கிமெலின் என்ற இயற்கை அறிஞருக்கு எழுதிய கடிதத்தில், மனிதனையும் வாலில்லாக் குரங்கையும் சாதியளவில் பிரிக்கக்கூடிய ஒரே ஒரு பண்பைக் காட்டுங்கள், எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்று கேட்கிறார். மனிதனைக் குரங்கு என்று சொல்லியிருந்தால் சமயவாதிகள் எல்லாரும் தன்மேல் பாய்ந்திருப்பார்கள் என்றும், தன் துறையின் விதிப்படி அப்படித்தான் சொல்லியிருக்க வேண்டும் போலும் என்றும் எழுதுகிறார். இந்தக் கடிதத்தை நான் முதன்முதல் வாசித்தபோது ஐம்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தேன். அவர் நேர்மையாகக் கேட்ட கேள்வியை என் வகுப்பில் நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

அவருக்குப் பின் வந்தவர்கள் வேலி போடத் தொடங்கினார்கள். புளூமென்பாக், கூவியே போன்றவர்கள் மனிதனுக்கு இருகையர் என்று தனி வருணமும் மற்றவைக்கு நாற்கையர் என்று இன்னொரு வருணமும் வைத்தார்கள். குரங்கின் பின்னங்காலும் கைதான் என்பது அவர்களின் கணக்கு. இங்கிலாந்தில் ரிச்சர்ட் ஓவன் 1857 இல் இன்னும் ஒரு படி போனார். மூளைக்குள்ளே இருக்கும் ஒரு சிறிய மேடு மனிதனுக்கு மட்டும்தான் உண்டு என்று சொல்லி, வருணமும் போதாது என்று, மனிதனுக்குத் தனி உபவகுப்பே கொடுத்தார். தோமஸ் ஹக்ஸ்லியும் மற்றவர்களும் வாலில்லாக் குரங்குகளின் மூளையை அறுத்துப் பார்த்தார்கள். அந்த மேடு அங்கேயும் இருந்தது. கொரில்லாவின் பின்னங்கால் எலும்பிலும் தசையிலும் பாதம்தான், கை இல்லை என்றும் ஹக்ஸ்லி 1863 இல் காட்டினார். வேலி ஒவ்வொன்றாக விழுந்தது. விழுந்த ஒவ்வொரு முறையும் கொஞ்சம் உள்ளே தள்ளிப் புதிதாக ஒன்று போட்டார்கள். உபவகுப்பு போய், வருணம் போய், கடைசியில் குடும்பம் என்ற வேலி மட்டும் நின்றது. நான் அந்தப் பிள்ளையின் விடைக்குக் குறுக்கே போட்ட கோடு அந்தக் கடைசி வேலிதான்.

காலண்டர் தாள்

2006 தைப்பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். அம்மாவின் வீடு கொக்கட்டிச்சோலைப் பக்கம், மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரை. அப்போது மண்முனையில் பாலம் இல்லை, பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறித்தான் வாவியைக் கடக்கவேண்டும். வீட்டில் தங்கச்சியின் மகளுக்குக் கலியாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. தரகர் கொண்டு வந்தது கொழும்பில் இருக்கும் ஒரு வசதியான குடும்பம். மாப்பிள்ளை பொறியியலாளர், சொந்த வீடு, வாகனம். எல்லாருக்கும் பிடித்துவிட்டது. அம்மா மட்டும் வெற்றிலைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார். "பொடியன்ட தாய்ட தாய் ஆரு?"

மட்டக்களப்பு, அம்பாறை வாசகர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காக ஒரு வரி: எங்கள் பக்கம் குடி, அதாவது குலப்பிரிவு, தாய்வழியாக வருவது. அப்பாவின் குடி எனக்கு இல்லை, என் குடி என் பிள்ளைகளுக்கு இல்லை. ஒரே குடிக்குள் கலியாணம் செய்வதில்லை. குடிக்குள்ளேயும் இன்னின்ன தாயின் வயிற்றில் வந்தவர்கள் என்று பிரிவுகள் உண்டு, அவர்களை வயிற்றுவார் என்போம். கோயிலில் யாருக்கு என்ன முறை என்பதும் குடியை வைத்துத்தான். அக்கரைப்பற்றிலிருந்து எங்கள் பள்ளிக்கு வந்து படிப்பித்த ஒரு முஸ்லிம் ஆசிரியர் தங்கள் பக்கமும் இதே குடிமுறைதான் என்று சொல்வார். எங்கள் இருவருக்கும் இடையில் அது ஒரு நெருக்கமான பேச்சு.

சரி. அம்மா சொல்லச் சொல்ல, 2005 ஆம் ஆண்டுக் காலண்டரில் கிழித்த ஒரு தாளின் பின்பக்கத்தில் நான் பென்சிலால் கீறிக்கொண்டே வந்தேன். ஒரு பூட்டியம்மா. அவவுக்கு இரண்டு பெண்பிள்ளைகள். மூத்தவளின் வழி இன்னும் கொக்கட்டிச்சோலையில் இருக்கிறது. இளையவளுக்கும் இரண்டு பெண்கள். அதில் ஒருத்தி மண்டூருக்குக் கலியாணம் செய்து போனவள். மற்றவளின் இரண்டு மகள்களில் ஒருத்தி அம்மாவின் தாய். இன்னொருத்தி புருஷனோடு கொழும்புக்குப் போனவள். மாப்பிள்ளைப் பொடியன் அவளுடைய மகளின் மகன். கீறி முடித்தபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. திருவிழாவுக்குத் திருவிழா காணும் மண்டூர்க்காரரை விட, மூன்று தலைமுறையாக ஊர்ப்பக்கம் வராத அந்தக் கொழும்புக் குடும்பம்தான் எங்களுக்குக் கிட்டியது. "இது ஒரே வயித்துவார். செய்ய ஒண்ணா" என்றார் அம்மா. அவர்கள் இப்போது கொழும்பு ஆட்கள், குடியெல்லாம் பார்ப்பதில்லையாம் என்று தங்கச்சி மெதுவாகச் சொன்னாள். அம்மா நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "அவங்க பாக்காட்டி இல்லாமப் போயிருமா?"

அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. தாளில் பாதி இடம் மிச்சமிருந்தது. அடுத்த வார வகுப்புக்காக அதிலேயே இன்னொரு மரத்தைக் கீறினேன். சிம்பன்சியின் மரபணுத்தொகுதியை வாசித்து முடித்த செய்தி அதற்கு முந்திய வருடம்தான் வந்திருந்தது, பிள்ளைகளுக்கு அதைச் சொல்லவேண்டும் என்றிருந்தேன். முதலில் பிரிவது ஒராங் உட்டான். பிறகு கொரில்லா. கடைசியாகப் பிரிவது சிம்பன்சியும் மனிதனும். கீறிவிட்டு, பழக்கத்தில் கை தன்பாட்டில் போனது. ஒராங் உட்டான், கொரில்லா, சிம்பன்சி மூன்றையும் சுற்றி ஒரு வட்டம் போட்டுப் பொங்கிடே என்று எழுதினேன். மனிதனைச் சுற்றித் தனி வட்டம், ஹொமினிடே. மரம் புதியது, வட்டம் பழையது. இரண்டும் ஒன்றோடொன்று முட்டுவது எனக்குத் தெரியவில்லை. உண்மையிலேயே தெரியவில்லை.

அம்மா தாளை எட்டிப் பார்த்தார். "இது ஆருட வம்சம் மனே?" குரங்குகளும் மனிதனும் என்று சொல்லி ஒவ்வொன்றாகக் காட்டினேன். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு விரலை வைத்து மெல்ல மேலே போனார். மேல் மரத்தையும் கீழ் மரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டும் ஒரே வடிவம். "இவனும் இவனும்தானே கடைசியாப் பிரிஞ்ச. மறுகா ஏன் இவன மட்டும் வெளிய வச்சிரிக்கிறாய்?" நான் வகுப்பில் சொல்வதைச் சொன்னேன். மனிதன் வேறு மாதிரி மாறிவிட்டான் அம்மா, நிமிர்ந்து நடக்கிறான், கதைக்கிறான், மூளை பெரிது. அம்மா அதைக் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் வெற்றிலையை மென்றார். பிறகு கேட்டார்: "கொழும்புக்குப் போய்க் காசு வந்தா குடி மாறுமாடா மனே?"

நான் பதில் சொல்லவில்லை. மனிதன் மாறியது உண்மை. கொழும்புக்காரர் மாறியதும் உண்மை. ஆனால் கொக்கட்டிச்சோலை, மண்டூர், எங்கள் வீடு எல்லாவற்றையும் ஒரு குடி என்று சொல்லிக் கொழும்புக்காரரை மட்டும் வேறு குடி என்று சொன்னால், அப்படிச் சொல்பவரை எங்கள் கோயில் வாசலில் யாரும் பேசவே விடமாட்டார்கள். எங்களுக்கும் மண்டூருக்கும் பொதுவான தாய் எவளோ, அவள் கொழும்புக்காரருக்கும் தாய். எங்களைச் சேர்க்கும் தாய் அவர்களையும் சேர்த்துத்தான் ஆகவேண்டும். பொங்கிடே என்ற வட்டம் செய்தது, அந்தத் தாயின் பிள்ளைகளில் ஒரு பிள்ளையை மட்டும் கழித்துவிட்டு மிச்சத்தைக் குடும்பம் என்று சொன்னது. அப்படி ஒரு குடும்பம் உலகில் இல்லை. அன்றிரவு படுத்திருக்கும்போது அந்தப் பிள்ளையின் விடைத்தாள் ஞாபகம் வந்தது. அவள் எழுதிய வரியும் அம்மா கேட்ட கேள்வியும் ஒன்றேதான்.

இரத்தம் சொன்னது

பிறகு தேடித்தேடி வாசித்தேன். அமெரிக்காவில் மொரிஸ் குட்மன் 1960களின் தொடக்கத்திலேயே இரத்தத்தில் இருக்கும் புரதங்களை ஒப்பிட்டு, சிம்பன்சியும் கொரில்லாவும் ஒராங் உட்டானை விட மனிதனுக்கே கிட்டியவை, ஆகவே அவற்றை ஹொமினிடேக்குள் சேர்க்கவேண்டும் என்று சொல்லியிருக்கிறார். நான் பிறப்பதற்கும் முன்னால். ஜோர்ஜ் கேலோட் சிம்சன் போன்ற பெரியவர்கள் அதை ஏற்கவில்லை. அவர்கள் ஒன்றும் அறியாதவர்கள் இல்லை. மனிதன் வேறொரு வாழ்முறைக்குள் போய்விட்டான், அந்தத் தூரத்தைப் பாகுபாடு காட்டவேண்டும் என்பது அவர்களின் வாதம். நானும் அம்மாவிடம் சொன்னது அதைத்தான். அது யோசித்துச் சொன்ன வாதம்தான். ஆனால் எவ்வளவு தூரம் போனால் குடும்பம் மாறும் என்பதை அளக்கும் கோல் மனிதனின் கையிலேயே இருந்தது. தன் தூரத்தைத் தானே அளந்து தனக்குத் தனி வட்டம் போட்டுக்கொண்டான். பிறப்புவழியை அளவாக வைத்தால் அந்த வசதி கிடையாது.

1967 இல் வின்சென்ட் சாரிச்சும் அலன் வில்சனும் இரத்தப் புரதத்தையே கடிகாரமாக வைத்து, மனிதவழியும் ஆபிரிக்க வாலில்லாக் குரங்குகளின் வழியும் பிரிந்து ஏறத்தாழ 50 இலட்சம் ஆண்டுகள்தான் ஆகின்றன என்று கணக்கிட்டார்கள். அப்போது நிலவிய கணக்கு அதைப் போல மூன்று மடங்குக்குக் கிட்ட. காரணம் ராமபிதேக்கஸ். இமயமலை அடிவாரத்துச் சிவாலிக் குன்றுகளில் 1932 இல் கிடைத்த ஒரு தாடைத் துண்டு. அதை மனிதவழியின் முதல் ஆள் என்று வைத்திருந்தார்கள். எனக்கு உயிரியல் படிப்பித்தவரும் அப்படித்தான் படிப்பித்தார், இராமன் பெயர் வைத்த முன்னோர் என்று எங்களுக்கெல்லாம் ஒரு மகிழ்ச்சியும் இருந்தது. 1980களின் தொடக்கத்தில் பாகிஸ்தானில் கிடைத்த, சிவபிதேக்கஸ் என்ற பழங்கால வாலில்லாக் குரங்கின் புதைபடிவ முகம் ஒராங் உட்டானின் முகத்தை அப்படியே ஒத்திருந்தது. ராமபிதேக்கஸ் அந்தச் சிவபிதேக்கசுக்குள்ளேயே அடங்கிப்போனது. மனிதவழியின் தலைமகனாக நாங்கள் படித்தது, உண்மையில் ஒராங் உட்டான் பக்கத்து உறவு. இப்போதைய கணக்குப்படி மனிதனும் சிம்பன்சியும் பிரிந்து சுமார் 60, 70 இலட்சம் ஆண்டுகள் இருக்கும். ஒராங் உட்டான் கிளை பிரிந்து ஒரு கோடிக்கும் மேல். சிம்பன்சி, கொரில்லா, ஒராங் உட்டான் மூன்றுக்கும் 48 நிறமூர்த்தங்கள் (குரோமோசோம்கள்), எங்களுக்கு 46. காணாமற்போன அந்த ஒரு சோடி தொலைந்து போகவில்லை, மற்றவர்களிடம் தனித்தனியாக இருக்கும் இரண்டு எங்களிடம் முனையோடு முனை ஒட்டி இரண்டாம் நிறமூர்த்தமாக இருக்கிறது. ஒட்டிய இடத்தின் தழும்பை 1991 இல் கண்டுபிடித்தார்கள். இன்றைய ஹொமினிடேயில் நான்கு சாதி, எட்டு இனம்: ஒராங் உட்டான் மூன்று, கொரில்லா இரண்டு, சிம்பன்சியும் அதன் மிகக் கிட்டிய உறவான பொனோபோவும், பிறகு நாங்கள்.

இதில் நான் மிகவும் நேசிக்கும் பகுதி இழைமணியின் (மைற்றோகொண்ட்ரியாவின்) கதை. கலத்துக்குள் இருக்கும் இழைமணிக்கென்று தனியாக ஒரு சிறு டி.என்.ஏ. உண்டு. அது தாயிடமிருந்து மட்டும்தான் பிள்ளைக்கு வரும். மகனுக்கும் கிடைக்கும், ஆனால் அவனால் அதைக் கடத்தமுடியாது. குடியும் அப்படியே. 1987 இல் ரெபெக்கா கேன், மார்க் ஸ்டோன்கிங், அலன் வில்சன் மூவரும் உலகின் பல பகுதிகளைச் சேர்ந்த 147 பேரின் இழைமணி டி.என்.ஏ.யை ஒப்பிட்டு, இன்று வாழும் எல்லாருடைய தாய்வழியும் ஏறத்தாழ 2 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் ஆபிரிக்காவில் வாழ்ந்திருக்கக்கூடிய ஒரு பெண்ணிடம் போய்ச் சேர்கிறது என்றார்கள். உலகம் முழுக்க இதைப் பிழையாக விளங்கிக்கொண்டார்கள். அப்போது ஒரே ஒரு பெண்தான் இருந்தாள் என்று நினைத்தார்கள். படுவான்கரையில் ஒரு கிழவியிடம் சொன்னால் அந்தப் பிழை வராது. பெண்பிள்ளை இல்லாத வீட்டோடு அந்த வயிற்றுவழி அற்றுப்போகும் என்பது அவர்களுக்குத் தெரியும். அந்த வீட்டில் ஆண்பிள்ளைகள் இருப்பார்கள், அவர்களின் பேரப்பிள்ளைகளும் இருப்பார்கள், இரத்தம் ஓடிக்கொண்டுதான் இருக்கும், குடி மட்டும் நின்றுவிடும். அந்தக் காலத்தில் வேறு பெண்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள். ஒருத்தியின் வயிற்றுவழி மட்டும் அறாமல் வந்திருக்கிறது. இதை வகுப்பில் குடியை வைத்து விளக்கிய முதல் நாள், ஒரு பிள்ளையும் திரும்பக் கேட்கவில்லை.

உவமை எல்லா இடத்திலும் பொருந்தாது என்பதையும் பிள்ளைகளிடம் சொல்கிறேன். இழைமணி ஒரு வழியை மட்டும்தான் காட்டும், மிச்ச மரபணுக்கள் தாய் தகப்பன் இரண்டு பக்கத்தாலும் கலந்து வருகின்றன. கொரில்லாவின் மரபணுத்தொகுதி 2012 இல் வெளியானபோது அதில் சுமார் 30 சதவீதமான பகுதியில், சிம்பன்சியும் மனிதனும் ஒன்றுக்கொன்று கிட்டியிருப்பதை விட, கொரில்லா அவற்றில் ஏதாவது ஒன்றுக்குக் கூடுதலாகக் கிட்டியதாக இருந்தது. முதலில் என்னைக் குழப்பிய செய்தி இது. மரமே பிழையோ என்று பயந்தேன். பிறகு பூட்டியம்மாவின் நகைகளை நினைத்துக்கொண்டேன். ஒரே மாதிரி வளையல் சோடியில் ஒன்று எங்கள் வீட்டிலும் மற்றது மண்டூரிலும் இருக்கலாம், கொழும்பு வீட்டுக்குப் போனது வேறு ஒரு அட்டியலாக இருக்கலாம். நகை போன விதம் அது, அதனால் பிறந்த முறை மாறாது. எல்லா நகைகளையும் சேர்த்துப் பார்த்தால் எந்த வீடு எந்த வீட்டுக்குக் கிட்டியது என்று தெரிந்துவிடும். மனிதனுக்கும் சிம்பன்சிக்கும், பொருத்தி ஒப்பிடக்கூடிய பகுதிகளில் எழுத்துக்கு எழுத்து வேறுபாடு 1.23 சதவீதம். விடுபட்ட துண்டுகளையும் சேர்ந்த துண்டுகளையும் எண்ணினால் இன்னும் கூடும்.

குட்மனும் அவரோடு வேலை செய்தவர்களும் 2003 இல், நான் அந்தப் பிழையைப் போட்ட அதே வருடம், சிம்பன்சியை ஹோமோ சாதிக்குள்ளேயே சேர்க்கவேண்டும் என்று எழுதினார்கள். அதைப் பெரும்பாலானோர் ஏற்கவில்லை. எனக்கும் அதில் அவசரம் இல்லை. குடும்பத்தை எத்தனை வயிற்றுவாராகப் பிரித்துப் பெயர் வைப்பது என்பது வசதிக்காகச் செய்வது. எவரையும் கழித்து வைக்காமல் இருப்பதுதான் எனக்கு முக்கியம்.

குரங்கு என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். ஆங்கிலத்தில் வாலுள்ளதுக்கும் வாலில்லாததுக்கும் தனித்தனிச் சொல் இருக்கிறது, தமிழில் எல்லாம் குரங்குதானே, இது எங்கள் மொழியின் குறை என்று நானே பல தடவை சொல்லியிருக்கிறேன். இப்போது அப்படிச் சொல்வதில்லை. தென்னமெரிக்கக் குரங்குகள் முதலில் பிரிந்தன. அதற்குப் பிறகுதான் எங்கள் பக்கத்து வாலுள்ள குரங்குகளும் வாலில்லாக் குரங்குகளும் ஒன்றையொன்று பிரிந்தன. ஆகவே எங்கள் தென்னையில் குரும்பை பறித்து வீசும் குரங்கு, அமேசன் காட்டுச் சிலந்திக் குரங்கை விட எனக்குத்தான் கிட்டிய உறவு. அது இரண்டையும் குரங்கு என்றால், இடையில் இருக்கும் கொரில்லாவும் சிம்பன்சியும் குரங்குதான், நானும்தான். மனிதக் குரங்கு என்ற எங்கள் சொல் அந்தக் கணக்கில் சரியாகவே இருக்கிறது. இப்போதெல்லாம் "மனிதன் குரங்கிலிருந்து வந்தானா சேர்?" என்று கேட்கும் பிள்ளைக்கு, குரங்குக் குடியிலிருந்து நாங்கள் வெளியே போகவேயில்லை என்று சொல்கிறேன்.

அம்மா 2014 இல் காலமானார். மண்முனைப் பாலம் திறந்த வருடம் அது. 2007 இடப்பெயர்வில் படுவான்கரை வீட்டில் இருந்த படங்கள், பத்திரங்கள் எல்லாம் போயின. காலண்டர் தாள் தப்பியது, கல்லடி வீட்டில் என் பாடக்குறிப்புக் கோப்புக்குள் இருந்ததால்.

அந்த மாணவியை இந்த வருடம்தான் கண்டுபிடித்தேன். பழைய மாணவர் ஒருவர் மூலம் தொலைபேசி இலக்கம் கிடைத்தது. அம்பாறை மாவட்டத்தில் ஓர் ஊரில் குடும்பமாக இருக்கிறாள், குடும்பநலத் தாதியாக வேலை. பல்கலைக்கழகத்துக்குப் போகவில்லை. அதற்கும் என் புள்ளிக்கும் தொடர்பில்லை, அந்த வருடங்களில் எங்கள் பிள்ளைகளுக்கு நடந்ததெல்லாம் அவளுக்கும் நடந்தது. விசயத்தைச் சொன்னேன். நீ எழுதினது சரி பிள்ளை, நான்தான் பிழை விட்டது, நீ அந்தப் புத்தகத்தைக் கொண்டு வரவா என்று கேட்டபோது நான் கொண்டு வரச் சொல்லியிருக்கவேண்டும் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "கேள்வி ஞாபகமில்ல சேர்" என்றாள். "நீங்க போட்ட பிழை ஞாபகம் இரிக்கி. தாள் கிழிஞ்சிருந்திச்சு."

என்ன சொல்வதென்று தெரியாமல் அம்மாவின் கதையைச் சொன்னேன். அவளும் அதே பக்கத்துப் பிள்ளை, முழுவதும் விளக்கத் தேவையிருக்கவில்லை. கொழும்புக்குப் போனவளின் இடம் வந்ததும் தானே முந்திக்கொண்டு சொன்னாள், "ஒரே வயித்துவார்தானே." மகள் பத்தாம் ஆண்டு படிக்கிறாளாம், விஞ்ஞானத்தில் பாகுபாடு வருகிறதாம். அந்தத் தாளை ஒரு படம் எடுத்து அனுப்புங்கள் என்று கேட்டாள்.

மேசையில் விரித்து வைத்துப் படம் எடுத்தேன். மேலே பூட்டியம்மாவின் மரம், கீழே மற்ற மரம். பொங்கிடே என்று போட்ட வட்டத்தை நான் இன்னும் அழிக்கவில்லை. மனிதனும் சிம்பன்சியும் பிரியும் இடத்தில் அம்மாவின் விரல் பட்டுப் பென்சில் கலைந்திருந்தது, பக்கத்தில் வெற்றிலைச் சாயத்தில் ஒரு சின்னப் பொட்டு. அப்படியே அனுப்பினேன்.